மயோனைஸ் வேறு, ஸ்பிரெட் வேறு: ஒரு வாளி கற்றுத் தந்த வியாபாரப் பாடம்

பல வருடங்களுக்கு முன் நான் ஒரு வாளி சாமானைப் பிழையான பெயரில் விற்றேன். அதனால் எனக்குக் கிடைத்த இலாபம் சில நூறு ரூபா. போனது ஒரு நல்ல வாடிக்கையாளர். அந்தக் கணக்கை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன். எம்மில் பலர் தெரிந்தும் தெரியாமலும் இதே பிழையைச் செய்து வருகிறோம் என்பதே காரணம்.

அப்போது நான் பேக்கரிகளுக்கும் சிற்றுண்டிக் கடைகளுக்கும் சாமான் விநியோகம் செய்து கொண்டிருந்தேன். மா, சீனி, மாஜரின், டின் மீன், சோஸ் வகைகள் என்று என் பட்டியல் நீளமானது. ஒரு நாள் எனக்குச் சாமான் தரும் மொத்த வியாபாரி ஒருவர் புதிய வாளி ஒன்றைக் காட்டினார். வெள்ளை நிறம், கட்டியான பசை, பார்வைக்கு மயோனைஸேதான். விலையோ நான் வழமையாக எடுக்கும் மயோனைஸை விட நன்றாகக் குறைவு. லேபலில் 'சாலட் டிரெஸ்ஸிங்' என்று இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

புதிதாகக் கடை திறந்த ஒரு இளைஞர் என்னிடம் மயோனைஸ் கேட்டிருந்தார். இந்த வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது வேற மாதிரி இருக்கே நானா" என்றார். "ரெண்டும் ஒண்டுதான் தம்பி, கம்பனிதான் வேற" என்று சொல்லிவிட்டு, பில்லிலும் 'மயோனைஸ்' என்றே எழுதினேன்.

அந்த வாரம் அவருக்கு ஒரு கல்யாண வீட்டு ஓடர் இருந்திருக்கிறது. முந்நூறு சான்ட்விச். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "நானா, சான்ட்விச்சுக்கு சீனி போட்டீங்களா எண்டு கல்யாண வீட்டு ஆக்கள் கேக்கிறாங்க. நான் என்ன சொல்ல?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் சண்டை பிடிக்கவில்லை. காசையும் முழுதாகத் தந்தார். ஆனால் அதன் பின் அவரிடமிருந்து ஓடர் வரவில்லை.

அன்றிரவு இரண்டு வாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கரண்டியால் எடுத்து ருசி பார்த்தேன். பிறகு இரண்டு லேபல்களையும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாசித்தேன். அத்தனை வருட வியாபாரத்தில் ஒரு லேபலை முழுதாக வாசித்தது அன்றுதான் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மயோனைஸ் என்பது அடிப்படையில் எண்ணெய். முட்டை மஞ்சட்கருவுடன் வினாகிரியோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி அடித்தால், எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் நின்றுவிடும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பார்கள். அவற்றைச் சேர்த்துப் பிடித்து வைப்பது மஞ்சட்கருவில் உள்ள லெசித்தின் போன்ற பொருட்களாகும். எண்ணெய்த் துளிகள் நெருக்கமாக அடைபட்டு நிற்பதால்தான் மயோனைஸ் கட்டியாகிறது. ஆகவே எண்ணெயைக் குறைத்தால் அது தண்ணியாகிவிடும்.

டிரெஸ்ஸிங் அல்லது சான்ட்விச் ஸ்பிரெட் எனப்படுவதில் எண்ணெய் குறைவு, தண்ணீர் கூட. அந்தத் தண்ணீரைக் கட்டியாக்குவதற்கு சோள மா போன்ற மாப்பொருளைக் காய்ச்சிச் சேர்க்கிறார்கள். எண்ணெயின் ருசி குறைந்த இடத்தை நிரப்ப சீனியும், கூடுதல் வினாகிரியும், கடுகுத் தூளும், வாசனைச் சரக்குகளும் வருகின்றன. புளிப்பு, இனிப்பு, நாக்கில் இலேசாகச் சுரண்டும் கடுகின் உறைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அதன் ருசி.

ஐக்கிய அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதிப்படி, மயோனைஸ் என்ற பெயரில் விற்கும் பொருளில் நிறையில் குறைந்தது 65 சதவீதம் தாவர எண்ணெய் இருக்க வேண்டும். சாலட் டிரெஸ்ஸிங் என்ற பெயரில் விற்பதற்கு 30 சதவீதம் போதும். ஆனால் அதில் மாப்பொருட் பசை இருக்க வேண்டும். முட்டை மஞ்சட்கரு இரண்டிலும் உண்டு.

இதை வியாபாரிகளின் கணக்கில் பாருங்கள். 100 கிலோ மயோனைஸில் 65 கிலோ எண்ணெய். 100 கிலோ டிரெஸ்ஸிங்கில் 30 கிலோ போதும். மிச்சம் 35 கிலோவின் இடத்தைப் பெரும்பாலும் தண்ணீரும் மாவும் சீனியும் நிரப்புகின்றன. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள விலை வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வாளி ஏன் மலிவாக இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மொத்த வியாபாரி என்னை ஏமாற்றவில்லை. லேபலில் உள்ளதை உள்ளபடியே போட்டிருந்தார்கள். பெயரை மாற்றியது நான்.

சிக்காகோவில் பிறந்த சரக்கு

இந்தப் புளிப்பு இனிப்பு ஸ்பிரெட்டில் உலகப் பெயர் பெற்றது அமெரிக்காவின் 'மிரக்கிள் விப்'. அதன் கதை வியாபாரிகள் படிக்க வேண்டிய ஒன்று.

அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது கிராப்ட் கம்பனி. கம்பனியை ஆரம்பித்த ஜேம்ஸ் எல். கிராப்ட் கனடாவில் பிறந்தவர். 1903இல் சிக்காகோ நகரில் ஒரு குதிரை வண்டியை வாடகைக்கு எடுத்து, மொத்தச் சந்தையில் சீஸ் வாங்கி, சில்லறைக் கடைகளுக்குக் கொண்டுபோய் விற்றவர். அதாவது, நம்மில் பலர் ஆரம்பித்த அதே இடத்தில் ஆரம்பித்தவர்.

1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது. அதைத் தொடர்ந்து வந்த பொருளாதார மந்தத்தில், 1933 அளவில் அந்நாட்டுத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. ரிச்சர்ட் ஹெல்மன் என்பவர் நியூயோர்க்கில் தன் கடையில் ஆரம்பித்த மயோனைஸ் வியாபாரம் அதற்கு முன்பே பெரிதாக வளர்ந்து, போத்தல் மயோனைஸ் வீடுகளுக்குப் பழகிவிட்டிருந்தது. ஆனால் கையில் காசு இல்லாத வீட்டுக்கு எண்ணெயும் முட்டையும் நிறைந்த மயோனைஸ் கட்டுப்படியாகவில்லை.

அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில் 'காய்ச்சிய டிரெஸ்ஸிங்' என்று ஒன்று செய்வார்கள். மா, முட்டை, வினாகிரி, கடுகு, சீனி சேர்த்து அடுப்பில் வைத்துக் கிளறும் மலிவான பசை. கிராப்ட் கம்பனி இந்த வீட்டுப் பசையையும் மயோனைஸையும் ஒன்று சேர்த்தது போன்ற ஒரு பொருளைத் தயாரித்தது. 1933இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அது மக்கள் முன் வைக்கப்பட்டது. அதே ஆண்டு வானொலியில் இசை நிகழ்ச்சி ஒன்றை ஆரம்பித்து அதன் மூலமும் விளம்பரம் செய்தார்கள். மயோனைஸை விட மலிவு. மந்த காலத்தில் அது வேகமாக வீடுகளுக்குள் புகுந்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அவர்கள் அதை 'மலிவு மயோனைஸ்' என்று விற்கவில்லை. அதற்கென்று புதிய பெயர் வைத்தார்கள். அதற்கென்று தனி ருசி இருக்கிறது என்றார்கள். ஒன்றின் பெயரில் இன்னொன்றை விற்றிருந்தால், வாங்கியவர் முதல் வாயிலேயே 'இது மயோனைஸ் இல்லையே' என்று குறை சொல்லியிருப்பார். புதிய பெயரில் வந்ததால், 'இது வேறு ருசி, நன்றாக இருக்கிறது' என்றார்கள். பொருள் ஒன்றுதான். சொன்ன பெயரைப் பொறுத்தே குறையாகவும் நிறையாகவும் தெரிகிறது.

என் இளம் வாடிக்கையாளரின் கல்யாண வீட்டில் நடந்ததும் இதுதான். அந்த ஸ்பிரெட்டில் கெடுதி எதுவும் இருக்கவில்லை. மயோனைஸை எதிர்பார்த்த நாக்குக்கு இனிப்பு வந்தது. அவ்வளவுதான்.

பிடிக்காதவர்களையும் காட்டிய விளம்பரம்

பல பத்து வருடங்கள் கழித்தும் மிரக்கிள் விப் தன் வித்தியாசத்தை மறைக்கவில்லை. 2009இல் வந்த அதன் விளம்பரங்கள் மயோனைஸை வெளிப்படையாகவே கிண்டல் செய்தன. 2011இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அந்த ஸ்பிரெட்டை விரும்புகிறவர்களோடு, அதை அறவே பிடிக்காதவர்களையும் விளம்பரத்தில் பேச விட்டார்கள். எங்கள் சரக்கு எல்லோருக்கும் பிடிக்காது, பிடித்தவர் விட மாட்டார் என்பதே அதன் கருத்து. தன் பொருளைப் பற்றி இப்படி வெளிப்படையாகப் பேசும் துணிவு எல்லா வியாபாரிக்கும் வராது.

பிரித்தானியாவில் இதற்கு ஒரு மூத்த உறவு உண்டு. ஹைன்ஸ் கம்பனி 1914இல் அங்கே அறிமுகப்படுத்திய 'சாலட் கிரீம்'. அதுவும் மயோனைஸ் அல்ல, புளிப்பு கூடிய ஒரு டிரெஸ்ஸிங். 2018இல் அதன் பெயரை 'சான்ட்விச் கிரீம்' என்று மாற்றலாமா என்று கம்பனி யோசித்தது. பெரும்பாலானோர் அதைச் சாலட்டுக்கு அல்ல, சான்ட்விச்சுக்கே பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். வாடிக்கையாளர்களின் எதிர்ப்பு வந்தது. கடைசியில் பழைய பெயரே நிலைத்தது. நூறு வருடம் பழகிய பெயருக்கு அவ்வளவு பெறுமதி.

பெயருக்காக நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. 2014இல் அமெரிக்காவில், முட்டையே சேராத ஒரு ஸ்பிரெட் 'ஜஸ்ட் மேயோ' என்ற பெயரில் விற்கப்பட்டது. ஹெல்மன்ஸ் மயோனைஸின் சொந்தக்காரரான யூனிலீவர், முட்டை இல்லாதது எப்படி மயோனைஸ் ஆகும் என்று வழக்குத் தொடர்ந்தது. அந்த வருடக் கடைசியில் வழக்கை மீளப் பெற்றது. ஆனாலும் விடயம் அத்தோடு முடியவில்லை. 2015இல் உணவு மற்றும் மருந்து நிர்வாகமே அந்தச் சிறிய கம்பனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. முட்டை இல்லை என்பது தெளிவாகத் தெரியும்படி லேபலை மாற்றிய பிறகே பெயரை வைத்துக்கொள்ள முடிந்தது.

நமது கடைகளில் பெயர் எங்கே மாறுகிறது?

அமெரிக்காவின் 65 சதவீத விதி அந்த நாட்டுக்குரியது. ஆனால் பிழையான பெயரில் உணவு விற்பது நமது நாட்டிலும் குற்றமே. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் உணவுக்கு லேபல் இடுவதையும் விற்பதையும் தடை செய்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வியாபாரத்தில் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது.

ஆனால் நான் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. என் அனுபவத்தில், பெரும்பாலான வியாபாரிகள் ஏமாற்ற வேண்டும் என்று பெயரை மாற்றுவதில்லை. பெயர் தானாக மாறும் இடங்கள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, வாளியிலிருந்து பக்கட்டுக்கு மாறும் இடம். பெரிய வாளியில் லேபல் இருக்கிறது. அதைக் கிலோக் கணக்கில் சிறிய பக்கட்டுகளில் கட்டும்போது லேபல் வாளியோடு நின்றுவிடுகிறது. பக்கட்டில் வேலையாள் பேனையால் எழுதுவது எதுவோ அதுவே பெயர். அவருக்கு வெள்ளையாக இருப்பதெல்லாம் மயோனைஸ்.

இரண்டாவது, பில். விலைப்பட்டியலில் 'மயோனைஸ்' என்று ஒரு வரிதான் இருக்கும். இரண்டு பொருளும் அந்த ஒரே வரிக்குள் போய்விடும். நான் விழுந்தது இந்தக் குழியில்தான்.

மூன்றாவது, வாய்ப் பேச்சு. "ரெண்டும் ஒண்டுதான்" என்ற அந்த இரண்டு சொற்கள். மாஜரினில் செய்ததை பட்டர் கேக் என்பதும், சீனிப் பாணியைக் கித்துள் பாணி என்பதும் இந்தச் சொற்களிலிருந்தே ஆரம்பிக்கின்றன.

பெயர் மாறினால் ருசி மட்டும் மாறுவதில்லை. முட்டை, கடுகு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். சீனி வியாதிக்காரர் தான் சாப்பிடுவதில் சீனி சேர்ந்திருக்கிறதா என்று அறிய விரும்புவார். ஹலால் சான்று பார்த்து வாங்குபவர், சேர்மானம் என்ன என்று கேட்பார். வாளியின் உண்மைப் பெயர் தொலைந்தால் இந்தக் கேள்வி எதற்கும் உங்களால் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது.

நாளைக்கே செய்யக்கூடியவை

அந்தச் சம்பவத்துக்குப் பின் நான் சில ஒழுங்குகளைச் செய்துகொண்டேன். எந்தச் சிறிய கடைக்கும் இவை பொருந்தும்.

1. சேர்மானப் பட்டியலில் முதல் மூன்று பொருட்களை வாசியுங்கள். பொதுவாக நிறையில் கூடியது முதலில் வரும். மயோனைஸில் முதலாவது எண்ணெய். மிரக்கிள் விப் போன்ற ஸ்பிரெட்டில் முதலாவது தண்ணீர். மாப்பொருளின் பெயர் கண்ணில் பட்டால் இரண்டாம் தடவை பாருங்கள். எண்ணெய் குறைத்த 'லைட்' வகைகளிலும் அது இருக்கும்.

2. விலைப்பட்டியலில் இரண்டு வரி போடுங்கள். ஒன்று மயோனைஸ், மற்றது டிரெஸ்ஸிங் அல்லது சான்ட்விச் ஸ்பிரெட். பில்லிலும் அப்படியே எழுதுங்கள்.

3. பிரித்துக் கட்டும் ஒவ்வொரு பக்கட்டிலும் வாளியில் உள்ள பெயர், சேர்மானம், காலாவதித் திகதி ஆகியவற்றை ஒட்டுங்கள். வாளியின் லேபலைப் பிரதி எடுத்து ஒட்டினாலும் போதும், ஆனால் எழுத்து தெளிவாக இருக்க வேண்டும்.

4. விற்குமுன் ஒரு கரண்டி ருசி பார்க்கக் கொடுங்கள். அரை நிமிட வேலை. கல்யாண வீட்டில் வரும் கேள்வி உங்கள் கடையிலேயே வந்துவிடும்.

5. எதற்கு எது பொருந்தும் என்று சொல்லுங்கள். எண்ணெய்ப் பசையும் மென்மையும் வேண்டிய இடத்துக்கு மயோனைஸ். டின் மீன், அவித்த முட்டை, கோவா, கரட் போன்றவற்றைக் கலந்து பூசுவதற்கு, புளிப்பு இனிப்பு ஸ்பிரெட் பலருக்குப் பிடிக்கிறது. எண்ணெய் குறைவாகக் கேட்பவருக்கும் அதைக் காட்டலாம். மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டியில் 10 கிராம் அளவு கொழுப்பு என்றால், மிரக்கிள் விப் வகையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அதில் சீனி உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

6. கோழி, முட்டை, கிழங்கு கலந்த பூரணத்தை வெளியில் வைக்க வேண்டாம் என்று கடைக்காரருக்கு நினைவூட்டுங்கள். போத்தலில் இருக்கும்போது வினாகிரியின் புளிப்பு கிருமிகளைத் தடுக்கிறது. மற்றச் சாமான்களோடு கலந்ததும் அந்தப் புளிப்பு ஐதாகிவிடும். இரண்டில் எதைப் போட்டாலும் குளிரில் வைக்க வேண்டும்.

மலிவானதை விற்பதில் வெட்கம் இல்லை. மலிவானதும் ஒருவருடைய தேவைதான். மிரக்கிள் விப் இத்தனை காலம் நின்று பிடித்ததே அதற்குச் சாட்சி. மலிவானதை விலை கூடியதன் பெயரில் விற்பதில்தான் வெட்கம் இருக்கிறது.

கடைசியாக

சில மாதங்கள் கழித்து இரண்டு சிறிய போத்தல்களில் இரண்டு வகையையும் எடுத்துக்கொண்டு அந்த இளைஞரின் கடைக்குப் போனேன். "தம்பி, அண்டைக்கு நான் உங்களுக்குத் தந்தது மயோனைஸ் இல்ல. பில்லில பிழையா எழுதினது நான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் வரவழைத்தார். இரண்டையும் ருசி பார்த்தார். ஸ்பிரெட்டை இரண்டாம் முறையும் எடுத்தார். "டின் மீன் பணிசுக்கு இது நல்லா இருக்கும் நானா" என்றார்.

அதன் பிறகு அந்த ஸ்பிரெட்டை அவர் என்னிடமே வாங்கி வருகிறார். பணிசுக்கு அவரிடம் தனி ஆட்கள் வருகிறார்கள். ஆனால் மயோனைஸை வேறொருவரிடமிருந்துதான் எடுக்கிறார். நான் பல தடவை விலை சொல்லிப் பார்த்தேன். "பாப்பம் நானா" என்பார்.

அவர் மீது எனக்குக் குறையில்லை. அந்தச் சொல்லை என்னிடமிருந்து நம்புவதற்கு அவருக்கு இன்னும் காலம் தேவைப்படுகிறது. நாம் ஒரு பில்லில் ஒரே ஒரு சொல்லைப் பிழையாக எழுதுவதற்கு எடுப்பது சில விநாடிகள். அதை அழிப்பதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று நான் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடை விலைப்பட்டியலை இன்றிரவு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.